வீசியடிக்கும் காற்றில் டெயில்வீல் விமானத்தை இறக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய டெயில்வீல் விமானங்களில் (மூன்றாவது சக்கரம் வாலுக்கடியில் இருப்பவை) பயிற்சி எடுப்பவர்களும், மூக்குச்சக்கர விமானத்திலிருந்து (அது முன்னே மூக்குக்கடியில் இருப்பது) இதற்கு மாறுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பைப்பர் கப், சிட்டாப்ரியா, செஸ்னா 140, செஸ்னா 170 போன்ற விமானங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் விமானத்தின் கையேடு வேறு மாதிரி சொன்னால், கையேடு சொல்வதையே செய்யுங்கள். இதைப் படிப்பது பயிற்றுநரோடு பறப்பதற்கு ஈடாகாது. ஆனால் அவரோடு பறக்கும்போது என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ள உதவும்.

டெயில்வீல் விமானம் மட்டும் தரையில் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது?

எடைமையம் இருக்கும் இடம்தான் காரணம். மூக்குச்சக்கர விமானத்தில் எடைமையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. விமானம் கொஞ்சம் கோணலாக ஓடினாலும், முன்னே இருக்கும் எடை அதை இழுத்து நேராக்கிவிடும். டெயில்வீலில் எடைமையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால். கோணல் ஏற்பட்டால் பின்னால் இருக்கும் எடை முன்னே முந்தப் பார்க்கும், கோணல் இன்னும் பெரிதாகும். இரண்டு சக்கரக் கைவண்டியை இழுத்துக்கொண்டு ஓடும்போது அது ஒழுங்காகப் பின்னால் வரும். அதையே முன்னால் தள்ளிக்கொண்டு ஓடினால் இப்படியும் அப்படியும் திரும்பும், இல்லையா? அதே கதைதான்.

இதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானத்தின் பக்கப் பரப்பில் பெரும்பகுதி சக்கரங்களுக்குப் பின்னால், வால் பக்கம் இருக்கிறது. பக்கத்திலிருந்து அடிக்கும் காற்று வாலைத் தள்ளி, மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பும். ஆக, கோணலைத் தொடங்கிவைப்பது காற்று, பெரிதாக்குவது எடை. நடுவில் நிற்பது உங்கள் கால்கள்.

எவ்வளவு காற்று இருந்தால் "அதிகம்" என்று எடுத்துக்கொள்வது?

ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. ஓடுபாதைக்கு நேர் எதிரே, சீராக வீசும் 18 நாட் (மணிக்குச் சுமார் 33 கி.மீ.) காற்று பெரும்பாலும் நண்பன். சராசரி 8 நாட், ஆனால் 60 டிகிரி கோணத்தில் 20 வரை வீசுகிறது என்றால் அது வேறு சமாச்சாரம். காற்றின் வேகத்தை விட, அதன் கோணமும் ஏற்ற இறக்கமும்தான் கவனிக்க வேண்டியவை.

பக்கக்காற்றின் அளவை மனக்கணக்காகவே போடலாம். கோணம் 30 டிகிரி என்றால் காற்றில் பாதி, 45 என்றால் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு, 60க்கு மேல் என்றால் கிட்டத்தட்ட முழுவதும். கணக்குப் போடும்போது சராசரியை எடுக்காமல், கஸ்ட் எனப்படும் வீச்சின் உச்ச எண்ணை எடுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் பக்கக்காற்று சுமார் 17 நாட். இந்த வகை விமானத்துக்கு அது ரொம்பவே அதிகம்.

கையேட்டில் "செய்துகாட்டப்பட்ட பக்கக்காற்று" என்று ஓர் எண் இருக்கலாம். சான்றிதழுக்கான சோதனையில் விமானம் தாங்கிய காற்று அது. பொதுவாக அது சட்டப்படியான வரம்பு இல்லை. சிறு விமானங்களுக்கான அமெரிக்கச் சான்றளிப்பு விதிகள் நீண்ட காலம் கேட்டுவந்தது, இறங்கும் நிலையிலான ஸ்டால் வேகத்தில் (அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) குறைந்தது 20 சதவீதம். அதாவது 40 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம் 8 நாட் பக்கக்காற்றைச் சமாளித்தாலே போதும். அந்த எண்ணைப் பார்த்து வீரம் காட்டவும் வேண்டாம், அதையே உங்கள் திறமையின் அளவு என்று நம்பவும் வேண்டாம். உங்கள் வரம்பை உங்கள் சமீபத்திய பயிற்சிதான் தீர்மானிக்க வேண்டும்.

டவர் சொல்லும் காற்று ஒன்று, விண்ட்சாக் காட்டுவது ஒன்று. எதை நம்புவது?

விண்ட்சாக்கை, அதாவது ஓடுபாதை ஓரத்தில் காற்றைக் காட்டும் துணிக்குழாயை. டவர் (கட்டுப்பாட்டுக் கோபுரம்) சொல்வது பெரும்பாலும் 2 நிமிடச் சராசரி. நீங்கள் இறங்கும் நொடியில் என்ன வீசுகிறது என்பதை விண்ட்சாக் மட்டும்தான் காட்டும். வழக்கமான விண்ட்சாக் 15 நாட்டில் முழுசாக நீண்டுவிடும், அதற்கு மேல் எவ்வளவு என்று அது சொல்லாது. ஆனால் அது நீண்டு நிற்கிறதா, திடீரென்று தொங்கிப்போய் மறுபடி விறைக்கிறதா, இடம் வலமாக ஆடுகிறதா என்று பைனலில் (ஓடுபாதைக்கு நேராக இறங்கி வரும் கடைசிக் கட்டம்) ஓரிரு முறை பாருங்கள். காற்றின் குணம் தெரிந்துவிடும். இன்னொன்று: எழுத்தில் வரும் மெட்டார் என்ற விமானநிலைய வானிலை அறிக்கையில் திசை உண்மை வடக்கை வைத்து இருக்கும். டவர் வாய்வழியாகச் சொல்வதும் ஓடுபாதை எண்ணும் காந்த வடக்கை வைத்து.

அப்ரோச்சில் (ஓடுபாதையை நோக்கி இறங்கி வரும்போது) எவ்வளவு வேகம் கூட்ட வேண்டும்?

பழக்கத்தில் உள்ள விதி: சராசரிக் காற்றுக்கும் உச்ச வீச்சுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி. ஸ்டால் வேகம் 38 நாட் என்றால் அதன் 1.3 மடங்கு, ஏறக்குறைய 50 நாட், வழக்கமான அப்ரோச் வேகம். காற்று 12, வீச்சு 22 என்றால் வித்தியாசம் 10, அதில் பாதி 5. ஆக 55 நாட்டில் வாருங்கள்.

ஏன் கூட்டுகிறோம்? நீங்கள் 50 நாட்டில் வந்துகொண்டிருக்கும்போது எதிர்க்காற்று சட்டென்று 10 நாட் குறைந்தால், விமானத்தின் ஏர்ஸ்பீடும் (காற்றை ஒப்பிட்ட வேகம்) அந்த நொடியில் கிட்டத்தட்ட அவ்வளவு குறையும். 40 நாட்டில், தரைக்கு 10 மீட்டர் மேலே இருப்பீர்கள். அந்த இடத்தில் நிற்க யாருக்கும் ஆசை இருக்காது.

ஆனால் பயத்தில் கூட்டிக்கொண்டே போவது வேறு வகை ஆபத்து. வேகம் 10 சதவீதம் கூடினால் இயக்க ஆற்றல் 21 சதவீதம் கூடும். கூடுதல் வேகத்தோடு ஃபிளேர் செய்யும் (தொடும் முன் மூக்கைத் தூக்கி இறக்கத்தைத் தணிக்கும்) விமானம் தரையை ஒட்டி மிதந்துகொண்டே போகும். மிதக்கும் ஒவ்வொரு நொடியும் அடுத்த வீச்சுக்கு நீங்கள் கொடுக்கும் வாய்ப்பு. கணக்குப் போட்டுக் கூட்டுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

ஃபிளாப் முழுசாக இறக்கலாமா?

பலமான வீச்சில் பாதி ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை), அல்லது ஃபிளாப் இல்லாமலே இறங்குவதையே விரும்புவேன். முழு ஃபிளாப் ஸ்டால் வேகத்தைக் குறைக்கிறது. அதாவது தரையைத் தொட்ட பிறகும் இறக்கை பறக்கத் தயாராகவே இருக்கும், ஒரு வீச்சு வந்தால் தூக்கிவிடும். கோ-அரவுண்ட் (இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறுவது) செய்யும்போதும் முழு ஃபிளாப் சுமைதான். கப் போன்ற விமானங்களில் ஃபிளாப்பே கிடையாது, இந்தக் கவலையும் இல்லை.

த்ரீ-பாயிண்ட்டா, வீல் லேண்டிங்கா?

டெயில்வீல்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் ஓயாத விவாதம் இது. இரு பக்கமும் நியாயம் இருக்கிறது.

த்ரீ-பாயிண்ட்டில் மூன்று சக்கரமும் ஒன்றாக, ஸ்டாலுக்கு மிக அருகில் தொடுகின்றன. தரைவேகம் மிகக் குறைவு. வால்சக்கரம் அப்போதே தரையைப் பிடித்துவிடுகிறது. இதன் பலவீனம் வீச்சில்தான் தெரியும். தொடும்போது இறக்கை பெரிய கோணத்தில் இருக்கிறது. தொட்ட மறுநொடி 8 நாட் வீச்சு வந்தால், ஸ்டாலின் விளிம்பில் இருந்த இறக்கைக்கு மறுபடி உயிர் வந்து விமானம் மூக்கைத் தூக்கியபடியே தரையை விட்டுக் கிளம்பும். வீச்சு நின்றதும் அங்கிருந்து தொப்பென்று விழும். பெரும்பாலும் ஒரு சக்கரத்தின் மேல்.

வீல் லேண்டிங்கில் பிரதான சக்கரங்கள் மட்டும் முதலில் தொடும், வால் காற்றில் இருக்கும். தொட்டதும் ஸ்டிக் எனும் கட்டுப்பாட்டுத் தண்டைக் கொஞ்சம் முன்னே கொடுத்து இறக்கையின் கோணத்தைக் குறைத்துவிடுகிறீர்கள். அதன்பின் வரும் வீச்சால் அவ்வளவு சுலபமாகத் தூக்க முடியாது. வேகம் இருப்பதால் ரட்டர் (காலால் இயக்கும் வால் சுக்கான்) நன்றாகக் கடிக்கும், முன்னால் ஓடுபாதையும் தெரியும். விலை என்னவென்றால் நீளமான ஓட்டம், அப்புறம் வால் இறங்கும் அந்தச் சில நொடிகள். அப்போது ரட்டர் மேலே வீசும் காற்று குறைந்துகொண்டே வரும், வால்சக்கரம் இன்னும் தரையைப் பிடித்திருக்காது. இரண்டு பிடியும் தளர்ந்த அந்த இடைவெளியில்தான் பலர் சிக்குகிறார்கள். ஆகவே வால் தானாக விழும்வரை காத்திருக்காமல், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கும் ரட்டருக்கும் உயிர் இருக்கும்போதே வாலை நிதானமாக இறக்கி, உடனே ஸ்டிக்கை முழுசாகப் பின்னே இழுத்து வால்சக்கரத்தை அழுத்திப் பிடியுங்கள்.

என் கருத்து: பக்கவாட்டில் வீசியடிக்கும் காற்றில், வாலைத் தாழ்வாக வைத்துச் செய்யும் வீல் லேண்டிங் நல்லது. ஓடுபாதை குட்டையாக இருந்து, காற்று நேர் எதிரே சீராக வந்தால் த்ரீ-பாயிண்ட். ஆனால் இதை விட முக்கியம் ஒன்று உண்டு: கடைசி இரண்டு மாதத்தில் எதை அதிகம் செய்திருக்கிறீர்களோ, அதுவே அன்றைக்குப் பாதுகாப்பானது.

வீல் லேண்டிங்கில் விமானம் ஏன் குதிக்கிறது?

கீழிறங்கும் வேகம் மிச்சம் இருக்கும்போது சக்கரம் தொடுவதால். சக்கரம் தரையில் நின்றுவிடும், ஆனால் பின்னால் இருக்கும் எடைமையம் இன்னும் கீழே போகப் பார்க்கும். வால் இறங்கும், இறக்கையின் கோணம் கூடும், விமானம் மறுபடி பறக்கும். பார்ப்பவருக்கு ஸ்பிரிங் குதிக்க வைத்தது போலத் தோன்றும். உண்மையில் தூக்கியது பெரும்பாலும் இறக்கைதான். எனவே ஸ்டிக்கை முன்னே தள்ளி அதைத் துரத்தாதீர்கள். ஸ்டிக் முன்னே, பின்னே என்று இரண்டு முறை ஆடினாலே உங்கள் கை விமானத்தை விடப் பின்தங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த குதி முதலாவதை விடப் பெரிதாக இருக்கும். சின்னக் குதி என்றால் கொஞ்சம் பவர் கொடுத்து, நிலையைப் பிடித்து, மெதுவாக மறுபடி இறக்கலாம். பெரிய குதி என்றால் முழு பவர், கோ-அரவுண்ட்.

பக்கக்காற்றுக்கு மூக்கைத் திருப்பிக்கொண்டு வருவதா, இறக்கையைச் சாய்த்துக்கொண்டு வருவதா?

பைனலின் பெரும்பகுதி மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி வாருங்கள், அது வசதி. ஆனால் தரைக்கு 50, 60 மீட்டர் மேலேயே சாய்வுக்கு மாறிவிடுங்கள்: காற்று வரும் பக்கத்து இறக்கை கீழே, எதிர்ப்பக்க ரட்டரால் மூக்கு ஓடுபாதைக்கு நேராக. இறக்கையைச் சாய்க்கும் ஏலரான் பக்கவாட்டு நகர்வைத் தடுக்கிறது, ரட்டர் மூக்கை நேராக வைக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி வேலை.

ஏன் சீக்கிரமே மாறச் சொல்கிறேன் என்றால், இது ஒரு சோதனையும் கூட. முழு ரட்டர் கொடுத்தும் மூக்கு நேராக நிற்கவில்லையா? இந்த விமானத்துக்கு இந்த ஓடுபாதையில் இன்றைய காற்று அதிகம். அந்தச் செய்தி 50 மீட்டர் உயரத்தில் கிடைத்தால் நிம்மதியாக மேலே போய்விடலாம். கடைசி நொடியில் உதைத்து நேராக்கும் ஆளுக்கு அந்தச் செய்தி சக்கரம் தொட்ட பிறகுதான் கிடைக்கும்.

தொடும்போது காற்றுப் பக்கத்துச் சக்கரம் முதலில் தொட வேண்டும். ஒற்றைச் சக்கரத்தில் ஓடுவது பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி. பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இரண்டு சக்கரத்திலும் இறங்குவதுதான் தப்பு.

ஃபிளேர் செய்யும்போது வீச்சு வந்து மேலே தூக்கிவிட்டால்?

ஸ்டிக்கை முன்னே குத்தாதீர்கள். நிலையை அப்படியே பிடியுங்கள், கொஞ்சம் பவரோடு. வீச்சு சீக்கிரம் அடங்கும், அடங்கும்போது விமானம் தொய்யும். அதைத் தாங்கத்தான் அந்தப் பவர். இதனால்தான் இப்படிப்பட்ட காற்றில் எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுசாக மூடிவிடாமல், சக்கரம் தொடும்வரை கையை அதிலேயே வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

காற்று நன்றாகத்தான் இருந்தது. மரங்களைத் தாண்டியதும் விமானம் ஏன் சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தது?

ஹேங்கரும் (விமானக் கொட்டகை) மர வரிசையும் காற்றைக் கிழித்துச் சுழல வைக்கும். காற்று போகும் பக்கத்தில் அந்தக் கலக்கம் தடையின் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரம் நீளும். அந்தப் பகுதிக்கு எதிரே தொடாமல், முடிந்தால் இன்னும் சற்றுத் தள்ளி, திறந்த வெளிக்கு எதிரே தொடுங்கள். இது போக, தரை உராய்வால் கீழே வர வரக் காற்றின் வேகம் பொதுவாகக் குறையும். கடைசி சில மீட்டரில் ஏர்ஸ்பீடு தானாகக் கரைவதற்கு அதுவும் காரணம்.

தொட்டாயிற்று. இனி என்ன?

இங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது. மூக்குச்சக்கர விமானத்தில் பழகியவர்கள் சக்கரம் கீச்சிட்டதும் மூச்சு விடுவார்கள், கால் தளரும், ஏலரான் நடுவுக்கு வந்துவிடும். டெயில்வீலில் கிரவுண்ட் லூப் என்ற சுழற்சி பலருக்கு அந்தத் தளர்வில்தான் தொடங்குகிறது.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். வேகம் குறையக் குறைய ரட்டர், ஏலரான், எலிவேட்டர் மூன்றும் வலுவிழக்கின்றன. காற்று குறையவில்லை, அதே பக்கத்திலிருந்து அதே பலத்தோடு அடிக்கிறது. ஆகவே வேகம் குறையக் குறைய நீங்கள் கொடுக்கும் அளவு கூட வேண்டும். தொடும்போது ஸ்டிக் கால்வாசி காற்றுப் பக்கம் இருந்தால், ஓட்டம் முடியும்போது முழுசாக அந்தப் பக்கம் இருக்க வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: எதிர்ப்பக்க இறக்கையில் கீழே இறங்கும் ஏலரான் அந்தப் பக்கம் இழுவையைக் கூட்டி, மூக்கு காற்றின் பக்கம் திரும்புவதைத் தடுக்க உதவுகிறது.

கண் எங்கே? ஓடுபாதையின் கடைசி முனையில். முன்னே பத்து மீட்டரில் பார்ப்பவருக்கு மூக்கு இரண்டு டிகிரி திரும்பியது தெரியாது, தொலைவில் பார்ப்பவருக்கு உடனே தெரியும். வால் இறங்கியபின் எஞ்சின் மறைத்துவிட்டால், இரண்டு ஓரங்களும் பார்வையின் விளிம்பில் சமமாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

கால் எப்படி? குதிகால் தரையில், முன்பாதம் பெடலில், சின்னச் சின்ன அழுத்தங்கள். கொடு, உடனே எடு. மூக்கு திரும்பியதும் அழுத்தி, அது நேராகும்வரை அழுத்தியே வைத்திருந்தால், நேராகும் நேரத்தில் அது மறுபக்கம் கிளம்பியிருக்கும். மூக்கு எங்கே இருக்கிறது என்பதை விட எந்தப் பக்கம் நகர்கிறது என்பதற்குக் கால் பதில் சொல்ல வேண்டும்.

கிரவுண்ட் லூப் தொடங்கிவிட்டால் நிறுத்த முடியுமா?

ஆரம்பத்தில் முடியும். முழு எதிர் ரட்டர், அந்தப் பக்கத்து பிரேக், தேவைப்பட்டால் ரட்டர் மேல் காற்றை அடிக்க ஒரு நொடி பவர். ஓரளவுக்கு மேல் போனால் எதுவும் எடுபடாது. பல விமானங்களில் வால்சக்கரமே ஒரு கோணத்துக்கு மேல் பிடியை விட்டுச் சுதந்திரமாகச் சுழல ஆரம்பித்துவிடும். அந்த நிலையில் த்ராட்டிலை மூடி, ஸ்டிக்கை முழுசாகப் பின்னே பிடித்து, மூக்கு தரையில் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்க இறக்கை நுனியும் சக்கரக் காலும் அடிபடலாம். அவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

பிரேக் பயன்படுத்தலாமா?

திசைக்காக, தொட்டுத் தொட்டு, கடைசிக் கட்டத்தில். நிறுத்துவதற்காக வேகத்தில் அழுத்தினால் விமானம் மூக்கில் நிற்கும்.

கோ-அரவுண்ட் எப்போது?

நினைப்பு வந்தால் அப்போதே. அப்ரோச் சீராக அமையவில்லை, மையக்கோட்டில் நிற்க முடியவில்லை, பெரிய குதி, நகர்வை நிறுத்த முடியவில்லை: இதில் ஒன்று போதும். எஞ்சினைத் திறந்ததும் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும் என்பதை மறக்காதீர்கள், அதுவும் கால் வேலைதான். விமானம் ஏற்கெனவே கோணலாகத் திரும்பி, முன்னே ஹேங்கரோ மரமோ தெரிந்தால் மட்டும் பவர் கொடுக்காதீர்கள்.

டாக்ஸி செய்யும்போதும் (தரையில் ஓட்டிச் செல்லும்போதும்) ஸ்டிக்கைப் பிடித்திருக்க வேண்டுமா?

கண்டிப்பாக. எதிரே சாய்வாகக் காற்று வந்தால் ஸ்டிக் பின்னே, காற்றுப் பக்கம். பின்னாலிருந்து சாய்வாக வந்தால் ஸ்டிக் முன்னே, காற்றுக்கு எதிர்ப்பக்கம். திரும்பும்போதெல்லாம் மாற்ற வேண்டும். பலமான பின்காற்றில் திரும்பும் இடம்தான் மோசம், அங்கே நடக்கும் வேகத்தில் போங்கள்.

எப்படிப் பயிற்சி எடுப்பது?

அமெரிக்காவில் 1991 ஏப்ரல் 15க்கு முன்பே டெயில்வீலில் தலைமை விமானியாகப் பறந்திராதவர்களுக்குப் பயிற்றுநரின் தனி ஒப்புதல் கட்டாயம். சாதாரண மற்றும் பக்கக்காற்று டேக்-ஆஃப், லேண்டிங், வீல் லேண்டிங், கோ-அரவுண்ட் எல்லாம் அதில் அடக்கம். எந்த நாட்டில் இருந்தாலும் இந்தப் பட்டியலை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். ஒப்புதல் கிடைத்ததும் வீச்சுக் காற்றுக்குத் தயார் என்று அர்த்தமில்லை.

மிகவும் பலன் தருவது இது: பயிற்றுநரோடு, சீரான 6, 7 நாட் பக்கக்காற்றில், ஓடுபாதைக்கு ஒரு மீட்டர் மேலே, இறங்காமல் முழு நீளமும் சாய்வில் பறந்து போங்கள். மையக்கோடு, மூக்கு, சாய்வு மூன்றையும் சரிபார்க்க ஒரு லேண்டிங்கில் இரண்டு நொடிதான் கிடைக்கும். இதில் ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் கிடைக்கும். அது பழகியபின் காற்றுப் பக்கத்து ஒற்றைச் சக்கரத்தை மட்டும் தொட்டு ஓடுங்கள். அதற்குப் பிறகுதான் வீச்சுள்ள நாட்கள். காலையிலும் மாலையிலும் காற்று பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வெயில் ஏறி, தரை சூடாகும் மதியத்தில் வீச்சு கூடும். நேரத்தைத் தேர்ந்தெடுத்தே கஷ்டத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

இரண்டு முறை முயன்றும் இறங்க முடியவில்லை. என்ன செய்வது?

மூன்றாவது முறைக்கு முன்னால் ஏதாவது மாற வேண்டும்: வேறு ஓடுபாதை, வேறு விமானநிலையம், அல்லது நேரம். காற்றுக்கு நேராக ஒரு புல் ஓடுதளம் அருகில் இருந்தால், குறுக்கே இருக்கும் நீளமான தார் ஓடுபாதையை விட அது எவ்வளவோ மேல். கணக்கைப் பாருங்கள்: 45 நாட்டில் தொடும் விமானம் 15 நாட் எதிர்க்காற்றில் 30 நாட் தரைவேகத்தில்தான் ஓடும், நிறுத்த வேண்டிய ஆற்றல் பாதிக்கும் குறைவு. புல் கொஞ்சம் சறுக்கவும் விடும், தாரைப் போல டயரைக் கவ்விப் பிடிக்காது. அங்கே போக எரிபொருள் வேண்டும். வீச்சு என்று வானிலை அறிக்கை சொல்லும் நாளில், கிளம்பும் முன்பே மாற்று ஓடுதளத்தைத் தேர்ந்து, அங்கே போய், அங்கேயும் ஒரு முறை சுற்றி வரத் தேவையான எரிபொருளைச் சேர்த்து நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.